படிவம் 22

சட்டம் சொற்களைப் பற்றிக் கவலைப்படுவது அபூர்வம். 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் கவலைப்படுகிறது. அதன் மூன்றாம் பிரிவில் பதினாறு அடிப்படைக் கோட்பாடுகள் சொல்லப்பட்டிருக்கின்றன. எட்டாவது இது: ஒரு குழந்தையைப் பற்றிய நடவடிக்கைகளில் குற்றம் சாட்டும் சொற்களோ, எதிராளியாக நிறுத்தும் சொற்களோ வரக்கூடாது. நம் விமர்சகர்கள் யாரும் இந்தப் பிரிவைப் படித்ததாகத் தெரியவில்லை. சொல்லைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒரு சொல்லை மாற்றினால் ஒரு சிறுவன் இன்று இரவு எங்கே படுப்பான் என்பதும் மாறிவிடும் என்கிற நிலைமை நமக்கு வாய்த்ததில்லை.

எனக்கு மூன்று வருஷம் வாய்த்தது. ஒரு மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழுமத்தில் உறுப்பினனாக இருந்தேன். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும். மாதத்தில் குறைந்தது இருபது நாள் அமர்வு. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் அதிகாரம் உண்டு. ஆனால் இடம் கோர்ட்டைப் போல இருக்கக்கூடாது. எங்கள் இடம் எதைப் போலவும் இல்லை. பழைய கட்டிடம் ஒன்றின் பின்பக்க அறை, நீள மேஜை, ஒற்றைத் தந்தத்துடன் யாரோ சுவரில் வரைந்துவைத்த யானை. வந்த குழந்தைகளில் பாதிப் பேர் முதலில் கேட்டது அந்த இன்னொரு தந்தத்தைப் பற்றித்தான்.

ஒரு குழந்தை கண்டெடுக்கப்பட்டால் (சட்டத்தின் பாஷையில் பொருளைப் போலக் குழந்தையையும் கண்டெடுக்கிறார்கள்) பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் எங்கள் முன் கொண்டுவந்தாக வேண்டும். பஸ் நிலையத்தில் தூங்கியவன், வடக்கேயிருந்து ரயிலேறி வந்து பாஷை புரியாமல் நிற்பவன், ஆஸ்பத்திரியில் விட்டுச் செல்லப்பட்டது, டீக்கடையில் கிளாஸ் கழுவியவன், கல்யாணம் நிறுத்தப்பட்ட பெண், தாயே கையைப் பிடித்து அழைத்துவந்த இரண்டு பிள்ளைகள். பதினைந்து நாளில் சமூக விசாரணை அறிக்கை வரவேண்டும், நான்கு மாதத்தில் இறுதி உத்தரவு. அந்த அறிக்கைக்கான அச்சடித்த தாள்தான் படிவம் 22.

படிவம் 22ஐ ஒரு இலக்கியப் பிரதியாகப் படிக்கலாம் என்று நான் சொன்னால் இந்தப் பத்திரிகை வாசகர்கள் சிரிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். குழந்தையின் பழக்கங்கள் என்று அதில் ஒரு கட்டம். புகை, மது, சூதாட்டம், பிச்சை ஒரு வரிசை. டி.வி., விளையாட்டு, புத்தகம் படித்தல், ஓவியம், பாட்டு இன்னொரு வரிசை. எது உண்டோ அதற்கு ஒரு டிக். புத்தகம் படித்தல் மதுவுக்கு நேர் எதிர் வரிசையில் இருப்பதைப் பார்த்தபோது, நமக்குத் தெரிந்த சிலர் இரண்டு வரிசையிலும் டிக் வாங்குவார்களே என்று தோன்றியது. குடும்பத்தைப் பற்றி, வீட்டைப் பற்றி, பெற்றோருக்குள் உறவு எப்படி என்பது பற்றி, குழந்தை வீட்டை விட்டுப் போன காரணம் பற்றியெல்லாம் கட்டங்கள். நாவலாசிரியன் முந்நூறு பக்கம் எடுத்துக்கொள்கிற விஷயத்துக்கு ஒன்றரை அங்குலம்.

இந்தத் துறையின் சொற்களுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. இந்தியாவிலேயே முதலில் குழந்தைகளுக்கென்று சட்டம் செய்தது சென்னை மாகாணம், 1920இல். வங்காளமும் பம்பாயும் பின்னால் வந்தன. 1986இல் தேசம் முழுமைக்குமான சட்டம் வந்தபோது குழந்தைகள் இரண்டு வகையானார்கள்: புறக்கணிக்கப்பட்ட சிறார், குற்றம் புரிந்த சிறார். 1992இல் இந்தியா ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. 2000த்தில் வந்த சட்டம் முதல் வகையினரைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுபவர்களாகவும், இரண்டாம் வகையினரைச் சட்டத்துடன் முரண்பட்டவர்களாகவும் மாற்றியது. சட்டத்துடன் முரண்படுவது என்பது ஏறக்குறைய ஒரு தத்துவவாதியின் நிலைப்பாடு மாதிரி இருக்கிறது. பிறகு 2015இன் சட்டம். சொற்களைச் சுத்தம் செய்த அதே சட்டம்தான், கொடுங்குற்றமென்றால் 16 வயது நிரம்பியவனைப் பெரியவனாக வைத்து விசாரிக்கலாம் என்று கதவையும் திறந்துவிட்டது. சொல் இளகும்போது கை இறுகுகிறதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை.

தமிழில் இந்தச் சொற்களை யார் உண்டாக்கினார்கள் என்று தெரியாது. கோட்டையில் ஏதோ ஒரு அறையில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர். அவருக்கு ரசனை இருந்திருக்கிறது. விசாரணை முடியும்வரை சிறுவர்களை வைத்திருக்கும் இடத்துக்குக் 'கூர்நோக்கு இல்லம்' என்று பெயர். யார் யாரைக் கூர்ந்து நோக்குகிறார்கள் என்று அந்தச் சொல் சொல்வதில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் பையன்கள்தான் நம்மைக் கூர்ந்து நோக்குகிறார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனநல ஆலோசனை சொல்பவருக்கு 'ஆற்றுப்படுத்துநர்' என்று பதவிப் பெயர். முதல் தடவை நியமன விளம்பரத்தில் அதைப் பார்த்தபோது தொகுப்பூதியத்தில் பாணர்களை எடுக்கிறார்களோ என்று நினைத்தேன். ஆற்றுப்படையில் வழி சொல்பவன் ஏற்கனவே பரிசு பெற்றுத் திரும்பி வருபவன். எதிரே பசியோடு வருகிறவனைப் பார்த்து, இப்படிப் போனால் கிடைக்கும் என்கிறான். எங்கள் ஆற்றுப்படுத்துநர் எந்தப் பரிசிலையும் பெற்றுத் திரும்பியவர் அல்ல. ஊதியமே இரண்டு மாதம் பாக்கி. ஆனாலும் அவர் தரையில் உட்கார்ந்து பேசினால் நாள் கணக்கில் வாய் திறக்காத குழந்தை பேசியது.

இவ்வளவு நல்ல சொற்களுக்கு நடுவே ஒரு விகுதி எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டிருந்தது. 'அற்ற'. ஆதரவற்றவர், வீடற்றவர், பெற்றோரற்றவர், பொறுப்பற்றவர். நிர்வாகத் தமிழ் இந்த 'அற்ற'வை நம்பி ஜீவிக்கிறது. ஒருவரிடம் இல்லாத ஒன்றை எடுத்து அதையே அவருக்கு ஆளாக்கிவிடுகிறது. இருப்பதை வைத்து எழுதுவதற்கு அதனிடம் இலக்கணம் இல்லை.

ஊரையும் ஆட்களையும் மாற்றித்தான் எழுத வேண்டும். குழந்தையின் அடையாளம் வெளியாகக்கூடாது என்று 74ஆம் பிரிவு. ஆகவே இது ஒரு செங்கல் சூளைப் பக்கத்துக் கிராமம் என்று வைத்துக்கொள்ளலாம். பதினோரு வயதுப் பையன், பஸ் நிலைய டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தபோது பிடித்து வந்தார்கள். வீட்டில் தாய், ஏழு வயதுத் தங்கை. தகப்பன் போய்விட்டான், சாகவில்லை, போய்விட்டான். இந்த வித்தியாசம் முக்கியம். செத்திருந்தால் சான்றிதழ் உண்டு. போனவனுக்குச் சான்றிதழ் வாங்குவது ஒரு பெண் சந்திக்கக்கூடிய நூதனமான அவமானங்களில் ஒன்று.

அறிக்கை எழுதியவர் புறத்தொடர்புப் பணியாளர். முப்பதுக்குள் இருக்கும், சமூகப் பணியில் முதுகலை, அவரும் தொகுப்பூதியம். காரணம் என்ற கட்டத்தில் எழுதியிருந்தார்: தாய் பொறுப்பற்றவர்.

"எப்படித் தெரியும்மா?" என்று கேட்டேன்.

"நான் போனப்ப வீடு பூட்டியிருந்தது சார். சின்னது பக்கத்து வீட்டுத் திண்ணையில தூங்கிட்டிருந்தது. பையனை விசாரிக்க மூணு நாளா யாரும் வரல."

"அதையே எழுதலாமே."

"எழுதலாம் சார். வீடு பூட்டியிருந்ததுன்னு எழுதினா நீங்க என்ன உத்தரவு போடுவீங்க? இந்தக் கட்டத்துல காரணம் கேட்டிருக்கு. வீடு பூட்டியிருந்ததுங்கறது காரணம் ஆகாது."

அவர் சொன்னது சரி. படிவம் கேட்டது பெயர்ச்சொல். அவர் பார்த்தது வினை. பார்த்ததை எழுதினால் கோப்பு நகராது; முடிவை எழுதினால் நகரும், ஆனால் யாரோ ஒருவரின் மேல் ஏறி நகரும். 'பொறுப்பற்ற' என்ற சொல் கோப்பில் இருந்தால் பையன் இல்லத்துக்குப் போவான். அங்கே மூன்று வேளை சோறும் பள்ளிக்கூடமும் உண்டு. நிறுவனம் என்பது கடைசி வழி என்றும் சட்டத்தின் அதே மூன்றாம் பிரிவு சொல்கிறது. கிராமத்துத் தாய்மார்களுக்கோ அது பல சமயம் முதல் வழி. இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அநாதை இல்லம் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால், ஞாயிற்றுக்கிழமையானால் தூக்குச்சட்டியில் மீன்குழம்போடு வந்து நிற்கும் தாய்களைப் பார்க்கலாம். அரசாங்கக் காகிதங்களில் 'அரை அநாதை' என்று ஒரு சொல் புழங்கியிருக்கிறது. அரைக்கால் அநாதை, வீசம் அநாதை என்றும் மேலே போயிருக்கலாம்.

நம் கதைகளில் இந்தத் தாய் வருவதில்லை. நமக்கு அநாதை என்றால் முழு அநாதை வேண்டும், மழை பெய்யவேண்டும், கோயில் வாசல் வேண்டும். பத்திரிகைக் கதைகளை விட்டுத்தள்ளுங்கள், சீரியஸாக எழுதுகிறவர்களும் குழந்தையைக் கண்டால் கண்ணீரை எடுத்துவிடுகிறார்கள். புதுமைப்பித்தன் 'மகாமசான'த்தில் சாகக் கிடக்கும் பிச்சைக்காரனைக் குழந்தை பார்க்கும்படி விட்டான், தான் குறுக்கே வரவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தெம்பு நமக்கு வந்ததா?

தாய் மறுநாள் வந்தாள். சூளையில் முன்பணம் வாங்கியிருந்ததால் மேஸ்திரி விடவில்லை என்றாள். மூன்று நாள் விவகாரம் அவ்வளவுதான். "நீங்களே வச்சுக்கிட்டுப் படிக்க வைங்கய்யா" என்று அவளே சொன்னாள். பையன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை, யானையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குடும்பத்திலேயே வைத்திருக்க ஒரு வழி உண்டு. நிதி ஆதரவு என்று பெயர். 2022இல் வந்த மிஷன் வாத்சல்யா வழிகாட்டுதல்படி மாதம் 4,000 ரூபாய். அதற்கு முன் 2,000. கிராமம் என்றால் குடும்பத்தின் வருஷ வருமானம் 72,000த்துக்கு மேல் போகக்கூடாது. சூளையில் அவளுக்கு நாளுக்கு 300 ரூபாய். மாதம் 24 நாள் என்றால் 7,200. பன்னிரண்டு மாதத்துக்கு 86,400. ஆகவே அவள் ஏழை இல்லை. மழையில் சூளை மூன்று மாதம் நிற்கும் என்பதைக் கணக்கில் சேர்த்தால் 64,800. ஆகவே அவள் ஏழை. மழையைக் கணக்கில் சேர்க்கும் தாசில்தாரைப் பிடிக்க வேண்டும். 'பொறுப்பற்றவர்' என்று எழுதிய அதே பெண்தான் நான்கு தடவை தாலுகா ஆபீசுக்கு நடந்து மழையைச் சேர்த்து வாங்கிவந்தார்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். குடும்பம் என்பதன் மேல் எனக்கு எந்த மயக்கமும் கிடையாது. தமிழ் மனத்துக்கு அது ஒரு பூஜையறை. ஆனால் 2012இல் வந்த போக்சோ சட்டத்தின் கீழ் எங்களிடம் வந்த பெண் குழந்தைகளில் அந்நியனால் கெட்டவள் என்று சொல்லத்தக்கவர்கள் குறைவு. தெரிந்த ஆள், வீட்டு ஆள், சில சமயம் யாரிடம் புகார் சொல்லவேண்டுமோ அதே ஆள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து குழந்தையை அன்றைக்கே வெளியே எடுத்துவிடவேண்டும். சொல்லை நிறுத்துப் பார்ப்பதற்கெல்லாம் அங்கே நேரமில்லை. ஒருமுறை பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி 1098ஐக் கூப்பிட்டாள். (பம்பாயில் 1996இல் ஆரம்பித்த எண், பத்து, ஒன்பது, எட்டு என்று குழந்தைகள் இறங்குவரிசையில் நினைவு வைத்துக்கொள்ளலாம், 2023இலிருந்து அரசாங்கத்தின் நேரடிப் பொறுப்பு.) விடிந்தால் முகூர்த்தம். இந்தப் பெண் ஒரு போலீஸ்காரரோடு கோயில் மண்டபத்துக்குப் போனார். போலீஸ்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வருவதாகச் சொல்லி வெளியிலேயே நின்றுகொண்டார். நாற்பது உறவுக்காரர்களுக்கு நடுவே ஒருத்தியாக நின்று, மணப்பெண்ணின் பள்ளிக்கூடச் சான்றிதழைப் படித்துக் காட்டியிருக்கிறார். யாரோ ஆரத்தித் தட்டை அவர் மேல் வீசினார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புக் கறையோடுதான் அமர்வுக்கு வந்தார். அன்றைய அறிக்கையில் அவர் எழுதியிருந்தது இரண்டே வாக்கியம். 'திருமணம் நிறுத்தப்பட்டது. சிறுமி காலை உணவு உண்டார்.' எனக்குத் தெரிந்து கடந்த பத்து வருஷத்தில் தமிழில் எழுதப்பட்ட நல்ல உரைநடைகளில் ஒன்று.

எதுவுமே எழுதாமல் குழந்தையை வாங்கிக்கொள்கிற ஒரு ஏற்பாடும் இங்கே இருக்கிறது. தொட்டில் குழந்தைத் திட்டம், 1992இல் சேலத்தில் ஆரம்பித்தது. 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரிப் பக்கமெல்லாம் போயிற்று. கள்ளிப்பாலுக்கு மாற்றாக ஒரு தொட்டில். பெயர் கேட்கமாட்டோம், காரணம் கேட்கமாட்டோம், போட்டுவிட்டுப் போ. பெண் குழந்தையை வேண்டாமென்று விட்டுச்செல்வதை அரசாங்கமே ஏற்றுக்கொள்வதாகாதா என்று அப்போதே ஆட்சேபித்தார்கள். ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்தத் தொட்டிலின் மௌனத்தை என்னால் சுலபமாக ஒதுக்க முடியவில்லை. படிவம் இல்லாத ஒரே இடம் அது. படிவம் பின்னாலேயே வந்துவிடுகிறது என்பது வேறு விஷயம். தத்துக் கொடுப்பதற்கு முன் குழந்தையின் படத்தைப் பத்திரிகையில் போட்டுப் பெற்றோரைத் தேடவேண்டும் என்று விதி. கேட்கமாட்டோம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு, யாருடையது என்று ஊரெல்லாம் கேட்கிறோம். அந்தப் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள், டெண்டர் விளம்பரங்களுக்குப் பக்கத்தில். எல்லாம் ஒரே குழந்தையைத் திரும்பத் திரும்ப எடுத்த மாதிரி இருக்கும். தாயே நேரில் வந்து ஒப்படைத்தால் மனம் மாறுவதற்கு இரண்டு மாத அவகாசம் தருகிறது 35ஆம் பிரிவு. அந்த அறுபது நாளில் திரும்பி வந்த ஒரு தாயை நான் பார்த்தேன். கையெழுத்துப் போட்ட அதே பேனாவைக் கேட்டு வாங்கித்தான் வாபஸ் கடிதம் எழுதினாள். வேறு பேனாவில் எழுதினால் செல்லாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த மாநிலத்தில் குழந்தைகளைக் காப்பாற்றியது குழந்தைப் பாதுகாப்பு அல்ல, சத்துணவு என்பது என் அபிப்பிராயம். 1956இல் காமராஜ் காலத்தில் பரவிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் விரிந்தது, 2022இல் சேர்ந்த காலைச் சிற்றுண்டி. அங்கே யாரும் உன் தாய் பொறுப்பானவளா என்று கேட்பதில்லை. தட்டை நீட்டினால் போடுகிறார்கள். ஏழை என்று நிரூபிக்க வேண்டியதில்லை. பசியைக்கூட நிரூபிக்க வேண்டியதில்லை. நூறு பேருக்குப் பொதுவாகக் கொடுப்பதில் இருக்கிற மரியாதை, ஒருவனைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில் இல்லை. எங்கள் குழுமம் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிற இடம். தேர்ந்தெடுப்பதற்கு அறிக்கை வேண்டும், அறிக்கைக்கு 'அற்ற' வேண்டும்.

பையன் விஷயம். தன்னைப் பற்றிய முடிவில் குழந்தையின் பேச்சையும் கேட்கவேண்டும் என்று ஒரு கோட்பாடு இருக்கிறது. என்ன வேண்டும் என்று தலைவர் கேட்டார். வழக்கமாக வீட்டுக்குப் போகணும் என்பார்கள், அல்லது ஒன்றும் சொல்லமாட்டார்கள். இவன், "என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க?" என்றான். தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பையன்கள் எதைப் படித்தாலும் நல்லது என்று நினைக்கிறவர். கோப்பை அவனிடமே கொடுத்துவிட்டார்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவன். விரலை வைத்து எழுத்துக்கூட்டி, சத்தமாகப் படித்தான். தாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'பொறுப்பற்றவர்' அடித்துத் திருத்தப்பட்டு, அந்த இடத்தில் 'தாய் பகலில் சூளை வேலைக்குச் செல்கிறார். வீட்டில் வேறு பெரியவர் இல்லை' என்று இருந்தது. அதைத் தாண்டிப் போய்விட்டான். சொத்து விவரம் என்ற இடத்தில் 'எதுவுமில்லை' என்று எழுதியிருந்தது. அங்கே விரல் நின்றது.

"ஆடு இருக்கு" என்றான். "ரெண்டு. ஒண்ணு சினை."

பணியாளர் என்னைப் பார்த்தார். தாய் சட்டென்று தலை தூக்கி, "அது அவன் மாமன் குடுத்ததுய்யா, வாரத்துக்கு" என்றாள்.

"இல்ல, நம்மளுது" என்றான் பையன். அவன் டீக்கடைக்குப் போனது அந்த ஆடுகளை விற்காமல் இருப்பதற்காக என்பது அப்புறம் அவன் சொல்லித்தான் தெரிந்தது. தங்கை ஒன்றுக்குப் பெயர் வைத்திருந்தாள்.

இரண்டு ஆடும் ஒரு குட்டியும் சந்தையில் என்ன விலை போகும் என்று எங்கள் ஐந்து பேருக்கும் தெரியும். வருமானக் கணக்கில் அது வராது என்றார் ஒரு உறுப்பினர். மேலே இருந்து யாராவது கேட்டால், என்றார் இன்னொருவர். பத்து நிமிஷம் ஆடுகளைப் பற்றி முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் அதிகாரத்தோடு விவாதித்தோம். முடிவில் தலைவர், "குழந்தை சொல்றதைப் பதிவு பண்ணணும், அவ்வளவுதான்" என்றார். பணியாளர் 'எதுவுமில்லை' என்பதை அடித்துவிட்டு 'ஆடு 2' என்று எழுதினார். பையன் எட்டிப் பார்த்து, சினை என்பதையும் எழுதச் சொன்னான். எழுதினார்.

அவனைத் தாயோடு அனுப்பினோம். பள்ளியில் சேர்க்க உத்தரவு; நிதி ஆதரவுக்குப் பரிந்துரை. ஆட்டைப் பற்றி மேலே யாரும் கேட்கவில்லை. பணம் வர ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதத்தில் ஒரு ஆடு போய்விட்டது என்று பணியாளர் சொன்னார், எது என்று நான் கேட்கவில்லை. பிறகு அவர் வேறு மாவட்டத்துக்குப் போனார். என் மூன்று வருஷமும் முடிந்தது. பதவி முடிந்தவன் கோப்பைக் கேட்க முடியாது. அவன் இப்போது எட்டாவது படித்துக்கொண்டிருக்கவேண்டும், கணக்குப்படி.